இலவச மைல், இலவச பாயின்ட்: யார் கொடுக்கும் பணம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் முதலில் கற்றுக் கொள்ளும் வேலைகளில் ஒன்று, ஆன்லைனில் பணம் கட்டுவது. ரயில் டிக்கெட், கரண்ட் பில், காஸ் புக்கிங், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என எல்லாமே வீட்டில் இருந்தபடி முடிந்து விடுகிறது. கிரெடிட் கார்டு மூலம் கட்டினால் இன்னொரு மகிழ்ச்சியும் உண்டு. ‘நீங்கள் இத்தனை ரிவார்டு பாயின்ட் பெற்றுள்ளீர்கள்’ என்று வங்கியிடம் இருந்து செய்தி வரும். விமான கம்பெனியின் தளத்தில் உறுப்பினராகச் சேர்ந்தால், பயணம் செய்யும் போதெல்லாம் ‘மைல்’ சேரும். போதுமான மைல் சேர்ந்தால் டிக்கெட் இலவசம் என்பார்கள்.

நானும் மூன்று ஆண்டுகள் இப்படிச் சேர்த்தேன். டெல்லியில் இருக்கும் தம்பி மகளின் முதல் பிறந்த நாளுக்கு, சென்னையில் இருந்து அம்மாவை விமானத்தில் அழைத்துப் போவதாகச் சொல்லி வைத்திருந்தேன். அம்மா அதுவரை விமானம் ஏறியதில்லை. “டிக்கெட்டுக்குக் காசே வேண்டாம்மா, பாயின்ட் இருக்கு” என்றேன். திருநெல்வேலியில் இருந்து போனில் பேசிய அம்மா கேட்டார்: “ஓசில வருதுன்னா யாராவது குடுக்கணும்லா? யாரு குடுக்கா?”

சிரித்து விட்டு போனை வைத்தேன். பிறந்த நாளுக்குப் பத்து நாள் இருந்தபோது, பாயின்ட்டை மைலாக மாற்றுவதற்காக வங்கியின் தளத்திற்குச் சென்றேன். 12,000 பாயின்ட் இருந்தது. நான்கு பாயின்ட்டுக்கு ஒரு மைல் என்றது தளம். மொத்தம் 3,000 மைல். ஒருவர் ஒரு வழி போகக்கூட அது போதவில்லை. காசு கொடுத்தே வாங்கி விடலாம் என்று பார்த்தால், கடைசி நேரம் என்பதால் கட்டணம் இரு மடங்காகி இருந்தது. அம்மா அந்தப் பிறந்த நாளுக்குப் போகவில்லை.

அதன் பிறகுதான் அம்மாவின் கேள்வியை எடுத்துக் கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். தெரிந்து கொண்டதை இங்கே தருகிறேன். கார்டு வைத்திருக்கும் எல்லாருக்கும் இது பயன்படும்.

கம்ப்யூட்டரில் பிறந்த மைல்

மைல் திட்டம் பிறந்ததற்குக் காரணமே கம்ப்யூட்டர்தான். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் ஐபிஎம் நிறுவனத்துடன் சேர்ந்து ‘சேபர்’ என்ற டிக்கெட் முன்பதிவு சிஸ்டத்தை உருவாக்கியது. 1964ல் அது முழு அளவில் செயல்படத் தொடங்கியது. அதற்கு முன் டிக்கெட் பதிவு என்பது அட்டைகளை வைத்து ஆட்கள் செய்த வேலை.

1978ல் அமெரிக்க அரசு விமானக் கட்டணங்களின் மீதான கட்டுப்பாட்டை விலக்கியது. யார் வேண்டுமானாலும் கட்டணத்தைக் குறைக்கலாம் என்றானதும் கடும் போட்டி வந்தது. பயணி எந்த விமானம் மலிவோ அதில் ஏறி விடுகிறார். அவரைத் தன்னிடமே தக்க வைப்பது எப்படி? அமெரிக்கன் ஏர்லைன்ஸ், சேபரில் இருந்த முன்பதிவுகளில் திரும்பத் திரும்ப வந்த போன் எண்களைத் தேடி எடுத்தது. அவர்கள்தான் அடிக்கடி பறப்பவர்கள். அவர்களை வைத்து 1981ம் ஆண்டு மே 1 அன்று ‘ஏஅட்வான்டேஜ்’ திட்டம் தொடங்கியது. சில நாட்களிலேயே யுனைடெட் ஏர்லைன்சும் தன் ‘மைலேஜ் பிளஸ்’ திட்டத்தை அறிவித்தது.

இதில் விமான கம்பெனிக்குச் செலவு குறைவு. விமானம் கிளம்பும்போது ஒரு சீட் காலியாக இருந்தால் அதனால் ஒரு பைசா வருமானம் கிடையாது. அந்தச் சீட்டை மைலுக்குக் கொடுத்தால், ஒரு சாப்பாடும் கொஞ்சம் எரிபொருளும்தான் கூடுதல் செலவு. வாங்குபவருக்கோ அது முழு டிக்கெட் விலைக்குச் சமமான பரிசாகத் தோன்றும்.

மைல் விற்கும் கடை

1987ல் ஒரு பெரிய மாற்றம் வந்தது. சிட்டிபேங்க், அமெரிக்கன் ஏர்லைன்சுடன் சேர்ந்து ஒரு கிரெடிட் கார்டை வெளியிட்டது. கார்டில் செலவு செய்தாலே மைல் கிடைக்கும். விமானத்தில் ஏறவே வேண்டாம். அந்த மைல்களை வங்கி, விமான கம்பெனியிடம் காசு கொடுத்து வாங்கி நமக்குத் தருகிறது.

இதைத்தான் நாம் முக்கியமாகப் புரிந்து கொள்ள வேண்டும். மைல் என்பது விமான கம்பெனி தயாரித்து வங்கிகளுக்கு விற்கும் ஒரு சரக்கு. இதற்குத் தொழிற்சாலை வேண்டாம். கம்ப்யூட்டரில் ஒரு எண்ணைக் கூட்டினால் போதும். அமெரிக்காவின் டெல்டா ஏர்லைன்சுக்கு, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டு நிறுவனத்துடன் உள்ள ஒப்பந்தத்தின் மூலம் 2024ம் ஆண்டில் மட்டும் கிடைத்த தொகை சுமார் 740 கோடி டாலர்.

2020ல் கொரோனாவால் விமானங்கள் நின்று போனபோது இந்த உண்மை வெளிச்சத்துக்கு வந்தது. யுனைடெட் நிறுவனம் தன் மைலேஜ் பிளஸ் திட்டத்தை அடமானம் வைத்து 680 கோடி டாலர் திரட்டியது. அப்போது அந்தத் திட்டத்திற்குப் போடப்பட்ட மதிப்பு சுமார் 2,190 கோடி டாலர். பங்குச் சந்தையில் யுனைடெட் நிறுவனத்தின் மொத்தப் பங்குகளின் மதிப்பே அன்று அதைவிடக் குறைவு!

நூறு ரூபாயில் எவ்வளவு?

வங்கி மைலைக் காசு கொடுத்து வாங்குகிறது என்றால், வங்கிக்கு அந்தக் காசு எங்கிருந்து வருகிறது? முதல் வழி, நாம் பொருள் வாங்கும் கடை.

நீங்கள் ஒரு கடையில் 100 ரூபாய்க்குக் கிரெடிட் கார்டு தேய்த்தால், கடைக்காரர் கைக்கு 100 ரூபாய் போவதில்லை. பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு, இரண்டரை ரூபாய் வரை பிடித்துக் கொண்டுதான் தருவார்கள். பிடித்த தொகையில் மெஷின் தந்த வங்கிக்கு ஒரு பங்கு, விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற நெட்வொர்க்குக்கு ஒரு பங்கு, உங்களுக்குக் கார்டு தந்த வங்கிக்குப் பெரும் பங்கு. அந்தப் பெரும் பங்கில் இருந்து ஒரு துண்டுதான் பாயின்ட்டாக உங்களிடம் திரும்பி வருகிறது.

“கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் எக்ஸ்ட்ரா ஆகும் சார்” என்று சில கடைகளில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். காரணம் இதுதான்.

இன்னொரு சந்தேகமும் இதில் தீர்ந்து விடும். வங்கிக் கணக்கில் இருந்து நேராக யுபிஐ மூலம் பணம் அனுப்பினால், கிரெடிட் கார்டு போல ஏன் பாயின்ட் சேருவதில்லை? 2020 ஜனவரி முதல் யுபிஐ, ரூபே டெபிட் கார்டு ஆகியவற்றுக்குக் கடைக்காரரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்று மத்திய அரசு விதி செய்தது. பிடிக்காத காசைத் திருப்பித் தர முடியாதல்லவா? ஐரோப்பிய யூனியனிலும் 2015ல், கார்டு வங்கிக்குப் போகும் பங்கு கிரெடிட் கார்டுக்கு 0.3 சதவீதத்திற்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். அமெரிக்காவில் இருப்பது போன்ற தாராளமான பாயின்ட் கார்டுகளை அங்கே பார்ப்பது அரிது.

கொடுப்பவர்கள் நான்கு பேர்

அம்மா கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். கொடுப்பவர்கள் நான்கு வகை.

முதலாவது, கடைக்காரர். ஆனால் அவர் நஷ்டத்திற்கு வியாபாரம் செய்ய மாட்டார். பெரும்பாலான கடைகள் இந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலை வைக்கின்றன.

எனவே இரண்டாவது, அதே விலையை ரொக்கமாகக் கொடுப்பவர். அவருக்குப் பாயின்ட் கிடையாது. ஆனால் விலையில் அதற்கான பங்கு உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் பெடரல் ரிசர்வ் வங்கியின் பொருளாதார நிபுணர்கள் 2010ல் இதைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். ரொக்கம் கொடுக்கும் குடும்பம் ஒன்று ஆண்டுக்குச் சராசரியாக 149 டாலரைக் கார்டு பயன்படுத்துபவர்களுக்குத் தருகிறது. கார்டு பயன்படுத்தும் குடும்பம் ஒன்று சராசரியாக 1,133 டாலர் பெறுகிறது என்றது அந்த ஆய்வு. ரொக்கம் கொடுப்பவர்களில் வருமானம் குறைந்தவர்களே அதிகம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மூன்றாவது, பில்லை முழுதாகக் கட்டாமல் வட்டி கட்டுபவர். வங்கிக்குக் கொழுத்த வருமானம் இவரிடம் இருந்துதான்.

நான்காவது, பாயின்ட் சேர்த்து விட்டு மறந்து போகிறவர். காலாவதியாகும் ஒவ்வொரு பாயின்ட்டும் வங்கிக்கும் விமான கம்பெனிக்கும் மிச்சம்.

இந்தக் கணக்கை நன்கு புரிந்து கொண்டவர்கள் அமெரிக்காவில் செய்த ஒரு வேலையைக் கேளுங்கள். 2008ல் அமெரிக்க நாணயச் சாலை, ஒரு டாலர் நாணயங்களைப் புழக்கத்திற்குக் கொண்டு வருவதற்காக, முக மதிப்புக்கே, தபால் செலவும் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. கிரெடிட் கார்டிலும் வாங்கலாம். சிலர் ஆயிரக்கணக்கில் நாணயங்களைக் கார்டு மூலம் வாங்கினார்கள். பெட்டியைக் கூடப் பிரிக்காமல் வங்கியில் டெபாசிட் செய்து, அந்தப் பணத்தில் கார்டு பில்லைக் கட்டினார்கள். செலவு பூஜ்யம், மைல் மட்டும் கையில் மிச்சம்! கார்டு கட்டணத்தையும் தபால் செலவையும் ஏற்றது அரசு. விழித்துக் கொண்ட நாணயச் சாலை, 2011 ஜூலையில் இந்தத் திட்டத்தில் கார்டு மூலம் வாங்குவதை நிறுத்தியது.

அச்சடிப்பவரே மதிப்பையும் மாற்றலாம்

ரூபாய் நோட்டுக்குப் பின்னால் ரிசர்வ் வங்கி இருக்கிறது. மைலுக்குப் பின்னால் இருப்பது அதை வெளியிட்ட கம்பெனி மட்டுமே. இன்று 10,000 மைலுக்குக் கிடைக்கும் டிக்கெட்டை நாளை 15,000 மைல் என்று அதே கம்பெனி மாற்றலாம். விதிமுறைகளில் அதற்கு இடம் வைத்திருப்பார்கள்.

முன்பு எந்த ஊருக்கு எத்தனை மைல் என்று ஒரு பட்டியல் இருக்கும். டெல்டா 2015லும் யுனைடெட் 2019லும் அந்தப் பட்டியலையே எடுத்து விட்டன. டிக்கெட் விலை ஏறினால் தேவைப்படும் மைலும் ஏறும். பறந்த தூரத்திற்கு மைல் தருவதையும் விட்டு விட்டு, டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்திற்கு ஏற்ப மைல் தருகிறார்கள். பெயர் மட்டும்தான் மைல்.

நம் நாட்டில் நடந்ததையும் பார்க்கலாம். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று பறப்பதை நிறுத்தியது. அதன் ‘ஜெட் பிரிவிலேஜ்’ மைல் திட்டம் தனி கம்பெனியாக இருந்ததால் உறுப்பினர்களின் கணக்கு அழிந்து போகவில்லை. அதே ஆண்டில் ‘இன்டர்மைல்ஸ்’ என்று பெயரும் மாறியது. ஆனால் எந்த விமானத்தில் ஏறுவதற்காக மைல் சேர்த்தார்களோ, அந்த விமானம் இல்லை. எனவே மைலை வைப்பு நிதி போல ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைப்பது புத்திசாலித்தனம் அல்ல. அதற்கு வட்டி கிடையாது; மதிப்பு குறைய மட்டுமே வாய்ப்பு உண்டு.

உங்கள் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுங்கள்

இனி வேலைக்கு வருவோம். எக்செல் இருந்தால் அதைத் திறந்து கொள்ளவும். இல்லை என்றால் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமை இலவசமாக டவுன்லோட் செய்து பயன்படுத்தலாம். பார்முலா எழுதத் தெரியாது என்று தயங்க வேண்டாம். மவுஸ் போதும்.

1. முதல் நெட்டு வரிசையில் ஒன்றன் கீழ் ஒன்றாக இந்தப் பெயர்களை டைப் செய்திடவும்: பாயின்ட் எண்ணிக்கை, ஒரு பாயின்ட்டின் மதிப்பு, மொத்த மதிப்பு, ஆண்டுக் கட்டணம், வட்டியும் அபராதமும், மிச்சம்.

2. இரண்டாவது நெட்டு வரிசையில் இவற்றுக்கு எதிரே எண்களைத் தரவும். மொத்த மதிப்பு, மிச்சம் இரண்டையும் காலியாக விடவும். ஒரு பாயின்ட்டின் மதிப்பு 25 பைசா என்றால் 0.25 எனத் தர வேண்டும்.

3. மொத்த மதிப்புக்கு எதிரே உள்ள செல்லில் கிளிக் செய்து சமன் குறியை டைப் செய்திடவும். பாயின்ட் எண்ணிக்கை உள்ள செல்லில் மவுஸால் கிளிக் செய்து, பெருக்கலுக்கான நட்சத்திரக் குறியை டைப் செய்து, மதிப்பு உள்ள செல்லில் கிளிக் செய்திடவும். பின் என்டர் தட்டவும். விடை வந்து விடும்.

4. அதே போல மிச்சம் என்பதற்கு எதிரே சமன் குறி இட்டு, மொத்த மதிப்பில் கிளிக் செய்து, கழித்தல் குறி, ஆண்டுக் கட்டணம், கழித்தல் குறி, வட்டி எனத் தந்து என்டர் தட்டவும்.

ஒரு பாயின்ட்டின் மதிப்பு வங்கியின் தளத்தில் இருக்கும். மைலின் மதிப்பை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே விமானம், ஒரே நாள் எடுத்துக் கொள்ளவும். உதாரணமாக, காசு கொடுத்தால் டிக்கெட் 6,000 ரூபாய். மைல் மூலம் என்றால் 9,000 மைலும், வரி மற்றும் கட்டணம் 1,500 ரூபாயும் கேட்கிறார்கள் என வைத்துக் கொள்வோம். அந்த 1,500ஐ 6,000ல் கழித்தால் 4,500. அதை 9,000 மைலால் வகுத்தால், ஒரு மைல் 50 பைசா. ‘இலவச’ டிக்கெட்டுக்கும் வரி கட்ட வேண்டும் என்பதைக் கவனித்தீர்களா?

இன்னொன்று. கார்டின் விதிமுறைகள் பிடிஎஃப் பைலாகத் தளத்தில் கிடைக்கும். அத்தனை பக்கங்களையும் படிக்கப் பொறுமை இல்லை என்றால், பைலைத் திறந்து கன்ட்ரோல் கீயுடன் எஃப் கீயை அழுத்தவும். தேடும் கட்டத்தில் ‘எக்ஸ்பயரி’ என்பதை ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டினால், பாயின்ட் எப்போது காலாவதியாகும் என்ற வரிக்கே போய் விடலாம்.

எனக்குக் கிடைத்த விடை

என் கணக்கை அப்படியே தருகிறேன். மூன்று ஆண்டுகளில் கார்டில் நான் செலவு செய்தது 6 லட்சம் ரூபாய். நூறு ரூபாய்க்கு இரண்டு பாயின்ட், மொத்தம் 12,000. ஒரு பாயின்ட் 25 பைசா. ஆக 3,000 ரூபாய். ஆண்டுக் கட்டணம் ஜிஎஸ்டி சேர்த்து 590. மூன்று ஆண்டுக்கு 1,770 ரூபாய். இதுவரை மிச்சம் 1,230. பரவாயில்லை என்று நினைத்தேன்.

அடுத்து வட்டிக் கட்டத்திற்கு வந்தேன். இரண்டாம் ஆண்டில் 40,000 ரூபாய்க்கு ஒரு லேப்டாப் வாங்கினேன். 800 பாயின்ட் வருமே என்றுதான் கார்டில் வாங்கினேன். அந்த மாதம் கையில் பணம் குறைவு. பில்லில் ‘குறைந்தபட்சத் தொகை’ என்று 2,000 ரூபாய் போட்டிருந்தது. அதை மட்டும் கட்டி விட்டு, மீதியை அடுத்த மாதம் கட்டினேன். மாதம் மூன்றரை சதவீதம் வட்டி. பாக்கி நின்ற 38,000 ரூபாய்க்கு மட்டும்தான் வட்டி என நினைத்தேன். அப்படி இல்லை. முழுதாகக் கட்டாவிட்டால், பொருள் வாங்கிய நாளில் இருந்தே 40,000 ரூபாய்க்கும் வட்டி போடுவார்கள். வட்டியின் மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. லேப்டாப்புக்கு மட்டும் நான் கட்டியது 3,449 ரூபாய். அந்த 800 பாயின்ட்டின் மதிப்பு 200 ரூபாய்!

என்டர் தட்டினேன். மிச்சம் என்பதற்கு எதிரே மைனஸ் 2,219 என்று வந்தது. மூன்று ஆண்டுகள் பாயின்ட் சேர்த்த பலன் இதுதான். அம்மா கேட்ட ‘யாரு குடுக்கா’ என்பதற்கு, மூன்றாவது வகையில் என் பெயரும் இருந்தது. இந்தக் கணக்கைப் போட்டதும் அதே லேப்டாப்பில்தான்.

குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்தால் கடன் நீண்டு கொண்டே போகும் என்ற எச்சரிக்கை, ரிசர்வ் வங்கியின் விதிப்படி பில்லிலேயே அச்சாகி இருக்கும். நான் அதைப் படித்ததில்லை. நீங்கள் படியுங்கள். வங்கியின் தளத்தில் ஆட்டோ பே வசதியைத் தேர்ந்தெடுக்கும்போது, ‘மினிமம் அமவுன்ட்’ என்பதை விட்டு விட்டு ‘டோட்டல் அமவுன்ட்’ என்பதைக் கிளிக் செய்திடவும். முழுத் தொகையையும் கட்ட முடியாது என்று தெரிந்தால் அந்தப் பொருளைக் கார்டில் வாங்காமல் இருப்பதே லாபம்.

பாயின்ட் பெயரில் மோசடி

‘உங்கள் ரிவார்டு பாயின்ட் 9,850 ரூபாய் இன்று இரவுடன் காலாவதியாகிறது. உடனே இந்த லிங்க்கைக் கிளிக் செய்யவும்’ என்று எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் மூலம் செய்தி வரும். கிளிக் செய்தால் வங்கியின் தளம் போலவே ஒரு பக்கம் திறக்கும். கார்டு எண், பின்னால் உள்ள மூன்று இலக்க எண், ஓடிபி எல்லாம் கேட்கும். தந்தால் பணம் போய் விடும். சில செய்திகளில் ஒரு அப்ளிகேஷனை இன்ஸ்டால் செய்யச் சொல்வார்கள். அது உங்கள் போனுக்கு வரும் ஓடிபியைத் திருடுவதற்காக.

பாயின்ட் பார்க்க வேண்டும் என்றால் வங்கியின் தள முகவரியை நீங்களே டைப் செய்து செல்லவும். வந்த லிங்க் வழியாகச் செல்ல வேண்டாம். பாயின்ட்டை எடுக்க, அழைத்துப் பேசும் யாரிடமும் ஓடிபியைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. மைல் கணக்கிற்கும் நல்ல பாஸ்வேர்ட் வைக்கவும். அதுவும் திருடத்தக்க பொருள்தான். ஏமாந்து விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் தரவும். உடனே சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு.

கார்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எப்படியும் செய்ய வேண்டிய செலவைக் கார்டில் செய்து, பில்லை முழுதாகக் கட்டி, கிடைத்த பாயின்ட்டை அந்த ஆண்டே பயன்படுத்துபவருக்கு லாபம்தான். பாயின்ட்டுக்காகச் செலவு செய்பவருக்கும், பாக்கி வைப்பவருக்கும் நஷ்டம். நீங்கள் எந்தப் பக்கம் என்பதை ஆறு வரிகள் கொண்ட ஒரு ஒர்க் ஷீட் சொல்லி விடும்.

அம்மா அடுத்த மாதம் டெல்லி போய் வந்தார். மூன்று வாரம் முன்னதாகவே, வங்கிக் கணக்கில் இருந்த பணத்தில், சாதாரண விலையில் டிக்கெட் எடுத்தேன். “பாயின்ட்ல எடுத்தியா?” என்று கேட்டார். “இல்லம்மா, காசு குடுத்துதான்” என்றேன். “அப்ப சரி” என்று சொல்லி விட்டு, ஜன்னல் சீட் எது என்று கேட்டார்.